ஓட்டியவர் யார்?

எங்கள் இல்லத்து மோட்டார் சைக்கிளுக்கு உரியவர் என் தந்தையார். அதனை அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை, ஓட்டவும் அறியார். பழவேற்காட்டு ஏரியில் காற்றின் போக்கறிந்து படகு செலுத்துவதில் அவருக்கு ஒப்பானவர் எங்கள் குப்பத்தில் இருவர் மூவரே என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஆனால் இரண்டு சக்கரத்தின்மேல் ஏறி அமர்ந்தால் அவருக்குக் கால் நடுங்கும். கடன் அவர் பெயரில் கிடைத்தமையால் வண்டியும் அவர் பெயரில் பதிவாயிற்று. அவ்வளவே அவருக்கும் வண்டிக்கும் உள்ள உறவு.

வண்டியின் சாவி எங்கள் வாயிற்படிக்கு உட்புறம் ஓர் ஆணியில் தொங்கும். அதனை எடுத்துச் செல்பவர் பலர். யான் வார இறுதியில் கல்லூரி விடுதியினின்று ஊர் திரும்பும்போது எடுப்பேன். பக்கத்து வீட்டு அண்ணன் தன் மனைவியைப் பொன்னேரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல எடுப்பார். வலைக்கு நூல் வாங்க, பள்ளியில் பிள்ளையை விட, சாவு வீட்டுக்குச் செய்தி சொல்ல என்று ஆளுக்கொரு காரியம் இருக்கும். கேட்டவர்க்கு இல்லை என்று என் தாயார் சொன்னதாக நினைவில்லை. எரிபொருள் இட்டுத் திருப்பித் தருவோரும் உண்டு, இடாதவரும் உண்டு. இதனால் வண்டி எங்கள் வீட்டில் நின்றதைவிட ஊர் சுற்றியதே மிகுதி. குப்பத்து வழக்கம் அது. ஒருவர் வீட்டு உரல் தெருவுக்கெல்லாம் உரலாயிருந்த காலத்தின் தொடர்ச்சி என்றே கொள்ளலாம். உரலுக்கு எண் இல்லை, வண்டிக்கு எண் உண்டு என்பதை யாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு யான் ஊர் வந்து சேர்ந்தபோது வீட்டில் விளக்கிருந்தும் இருளாக இருந்தது. தந்தையார் திண்ணையில் பேசாமல் அமர்ந்திருந்தார். காவல் நிலையத்தினின்று கைபேசியில் அழைத்திருந்தனராம். செவ்வாய்க்கிழமை காலையில் மீஞ்சூர்க் கடைத்தெருவில் எங்கள் வண்டி ஒரு பால்காரரின் மிதிவண்டியை இடித்துத் தள்ளிவிட்டு நில்லாமல் போய்விட்டது. பாற்பாத்திரம் கவிழ்ந்தது, சக்கரம் வளைந்தது, முதியவருக்கு முழங்கையில் தோல் உரிந்தது. எதிர்க்கடையின் படக்கருவியில் வண்டியின் எண் தெளிவாக விழுந்திருக்கின்றது. ஓட்டியவர் ஒரு கையால் கைபேசியைக் காதில் வைத்திருப்பதும் தெரிகின்றது. முகம் மட்டும் தெரியவில்லை. ஆகவே வண்டிக்கு உரியவர் திங்கட்கிழமை நேரில் வந்து, அன்று ஓட்டியவர் யார், அவர் ஊர் எது, அவருடைய ஓட்டுநர் உரிமம் யாது என்பவற்றை எழுத்தில் தரவேண்டும் என்பது கட்டளை.

ஓட்டியவர் யாரென்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாவியை எடுத்துக் கொடுத்தவர் என் தாயார். வாங்கிச் சென்றவர் அவருடைய தம்பி, என் தாய்மாமன்.

மாமாவைப்பற்றிச் சில சொற்கள் சொல்லவேண்டும். அவருக்குச் சிறு சரக்கு வண்டி ஒன்று உண்டு. விடியுமுன் பழவேற்காட்டில் இறாலும் மடவையும் நண்டும் பெட்டிகளில் ஐஸ் இட்டு ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போவார். சில நாள் பொன்னேரி வழி. சில நாள் திருப்பாலைவனம், காட்டூர், மீஞ்சூர் வழி. மீஞ்சூரைக் கடப்பதே பெரும்பாடு. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் செல்லும் பெட்டக லாரிகள் ஒருபுறம். வண்டலூரினின்று வரும் வெளிவட்டச் சாலை வந்து முடிவதும் மீஞ்சூரிலேயே. அந்தச் செவ்வாயன்று மாமாவின் சரக்கு வண்டி மீஞ்சூரில் ஒரு பட்டறையருகே பழுதாகி நின்றுவிட்டது. மீன் உள்ளே, ஐஸ் கரைந்துகொண்டிருக்கின்றது. அவர் பேருந்தில் ஊர் திரும்பி, எங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு உதிரி உறுப்பு ஒன்று தேடி ஓடினார். மீன் வாங்கும் முதலாளி நிமிடத்துக்கொருமுறை அழைத்துக்கொண்டேயிருந்தார். நடந்தது இதுவே. நில்லாமற் போனது தவறென்பதை அவரும் மறுக்கவில்லை. ஐஸ் கரைகின்ற வேளையில் மனிதன் நிற்பானா என்று மட்டும் கேட்டார்.

இன்னுமொன்று. யான் கல்லூரியிற் சேர்ந்தபோது முதற் கட்டணத்தைக் கட்டியவர் மாமா. ஏரியில் இறால் குறைந்திருந்த ஆண்டு அது. தமிழ் படித்து என்ன செய்யப் போகின்றாய் என்று உறவினர் பலரும் கேட்ட நாளில், கேளாமல் பணம் எடுத்து வைத்தவர் அவர் ஒருவரே.

அன்று இரவு ஒன்பது மணிக்குமேல் மாமா வந்தார். அத்தையும் கைக்குழந்தையுடன் வந்து வாயிற்படியருகே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. மாமா என்னைத் தனியே படகுத்துறைப் பக்கம் அழைத்துச் சென்றார்.

"தம்பி, ஓட்டும்போது கைபேசி பேசினால் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கி வைத்துவிடுவார்களாம். எனக்கு இருப்பது ஒரே லைசென்ஸ். மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான், சரக்கு வண்டிக்கும் அதுதான். அது போனால் வண்டிக்குத் தவணை யார் கட்டுவது? உன்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது. நீ ரயிலில்தானே கல்லூரிக்குப் போகிறாய்? மூன்று மாதம் அது பெட்டியில் கிடந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன். நீ ஓட்டினதாக ஒரு வார்த்தை எழுதிவிடு, போதும்."

எனக்கு மறுமொழி வரவில்லை. அவர் கேட்டதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் பிழை காண இயலவில்லை. அவருக்கு மூன்று மாதம் என்பது ஒரு குடும்பத்தின் சோறு. எனக்கு மூன்று மாதம் என்பது பெட்டியிற் கிடக்கும் ஓர் அட்டை. என் பெயரைக் கொடுப்பதனால் யாருக்கு இழப்பு? பால்காரருக்கு இழப்பில்லை, அவருக்குச் சேரவேண்டிய பணம் சேர்ந்துவிடும். "சரி மாமா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வருத்தமும் இல்லை. பட்ட கடனில் ஒரு பகுதி தீர்வதுபோல் மகிழ்ச்சியே தோன்றிற்று என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகின்றேன்.

மறுநாட் காலையில், எங்கள் விடுதியில் தங்கிப் பயின்று இப்போது சட்டம் படிக்கும் அண்ணன் ஒருவரைக் கைபேசியில் அழைத்தேன். எப்படி எழுதவேண்டும் என்று கேட்பதே என் நோக்கம்; எழுதலாமா என்று கேட்பதன்று. அவர் அன்று சொன்னவற்றையும், பின்னர் நம் கல்லூரி நூலகத்தில் யானே தேடிப் படித்தவற்றையும் ஈண்டுச் சேர்த்தெழுதுகின்றேன். நம் மாணவருள் இரவல் வண்டி ஓட்டாதவரும் இரவல் கொடாதவரும் அரியர், ஆதலின் பயன்படும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு வண்டிக்கு உரியவரின் கடமையைக் கூறுகின்றது. வண்டியை ஓட்டியவர்மேல் குற்றம் சாட்டப்படின், அவர் பெயர், இருப்பிடம், உரிமம் ஆகியவற்றை அதிகாரம் பெற்ற காவல் அலுவலர் கேட்கும்போது உரியவர் சொல்லவேண்டும். தெரிந்தது மட்டும் சொன்னாற் போதாது. தக்க முயற்சியால் அறியக்கூடியதையும் அறிந்து சொல்லவேண்டும். "சாவி ஆணியில் தொங்கிற்று, யார் எடுத்தாரோ அறியேன்" என்று எங்கள் வீட்டார் சொல்லியிருப்பின் அஃது ஏற்கப்படுவது ஐயமே. 179-ஆம் பிரிவின்படி, கேட்ட செய்தியை வேண்டுமென்றே மறைப்பவருக்கும், பொய்யென்று அறிந்தே தருபவருக்கும் ஒரு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. அபராதம் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் 2,000 ரூபாய் ஆயிற்று. பொய் எழுதினால் கையெழுத்திடுபவர் யானல்லேன், தந்தையார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இலக்கணம் பயில்வோருக்கு இது புதிதன்று. கருவியும் கருத்தாவும் மூன்றாம் வேற்றுமையின் பொருள்கள். கருத்தாவிலும் ஏவுதற் கருத்தா வேறு, இயற்றுதற் கருத்தா வேறு. அரசன் கட்டிய கோயில் என்பதிலும் தச்சன் கட்டிய கோயில் என்பதிலும் கட்டியவர் ஒருவரல்லர். கடைத்தெருப் படக்கருவி கண்டது கருவியை மட்டுமே. கருத்தாவைச் சொல்லும் பொறுப்பைச் சட்டம் கருவிக்கு உடையவரிடம் விட்டிருக்கின்றது. கருத்தாவை மாற்றிச் சொன்னால் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும், பொருள் நில்லாது.

சில நாடுகளில் இந்த விதி மதிப்பெண் கணக்காகவே நடக்கின்றது. பிரிட்டனில் ஒவ்வொரு தவற்றுக்கும் உரிமத்தில் தண்டப் புள்ளிகள் ஏறும். மூன்றாண்டுக்குள் 12 ஆனால் பொதுவாக உரிமம் போகும். அங்கேயும் ஓட்டியவர் யாரென்று உரியவருக்கு ஓலை வரும். 28 நாளுக்குள் விடை தரவேண்டும். தராவிடில் அதற்கே 6 புள்ளிகள். சிங்கப்பூரில் 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் நிறுத்தப்படும். எங்கள் ஊரார் ஒருவர் அங்கே லாரி ஓட்டுகின்றார். பணம் வாங்கிக்கொண்டு பிறர் புள்ளியைத் தம் பெயரில் ஏற்றுக்கொள்வோர் அங்கும் இருந்தனர் என்றும், அகப்பட்டுச் சிறை சென்றனர் என்றும் அவர் சொன்னார். நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டு வெளியான ஒரு சட்ட வரைவு இத்தகைய புள்ளி முறையைக் கொணரக் கருதிற்று, அது சட்டமாகவில்லை. ஆயினும் உரிமத்தைச் சில காலம் நிறுத்தி வைக்கும் முறை நம்மிடமும் உண்டு. வண்டி ஓட்டும்போது கைபேசி பேசுதல், சிவப்பு விளக்கைக் கடத்தல், குடித்துவிட்டு ஓட்டுதல் முதலியவற்றுக்கு மூன்று மாதத்திற்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்தி வைக்குமாறு உச்சநீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ஆம் ஆண்டு மாநிலங்களைப் பணித்தது. மாமா கேள்விப்பட்ட மூன்று மாதம் இதுவே.

பிறர் செய்ததைத் தம் பெயரில் ஏற்றுக்கொண்ட கதைகளுள் இரண்டு என்னை விட்டு நீங்கவில்லை. பிரிட்டனில் கிறிஸ் ஹியூன் என்பவர் 2003-ஆம் ஆண்டு வேகமாகக் கார் ஓட்டிப் படத்தில் விழுந்தார். இன்னும் சில புள்ளிகள் ஏறினால் உரிமம் போகும் நிலை. அவர் மனைவியார் விக்கி பிரைஸ், பெயர்பெற்ற பொருளாதார அறிஞர், தாமே ஓட்டியதாக எழுதிப் புள்ளிகளை ஏற்றார். ஹியூன் பின்னர் அமைச்சராகவும் ஆனார். மணவாழ்க்கை முறிந்தபின் செய்தி வெளிவந்தது. 2013-ஆம் ஆண்டு மார்ச்சில் இருவருக்கும் தனித்தனியே எட்டு மாதச் சிறை கிடைத்தது. இதில் வேடிக்கை யாதெனில், எந்த உரிமத்தைக் காக்க அவ்வளவும் செய்தனரோ அந்த உரிமத்தை அவர் அதே 2003-இல், கைபேசி பேசிக்கொண்டே கார் ஓட்டியமையால், இழந்தேவிட்டார்.

மற்றொருவர் ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாயிருந்த மார்க்கஸ் ஐன்ஃபெல்டு. 2006-ஆம் ஆண்டு சிட்னியில் அவர் கார் வேக எல்லையைக் கடந்தது. அபராதம் 77 டாலர். காரைத் தம் தோழியாரான ஒரு பேராசிரியருக்கு இரவல் கொடுத்திருந்ததாக அவர் நீதிமன்றத்தில் ஆணையிட்டுச் சொன்னார். அந்தப் பேராசிரியர் 2003-ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டவர். ஒரு பத்திரிகையாளர் அதைத் தேடிக் கண்டார். பொய்யைக் காக்க மேலும் பொய். முடிவில் 2009-ஆம் ஆண்டு மூன்றாண்டுச் சிறை. எத்தனை பேருக்கு உண்மையுரைக்குமாறு ஆணையிட்டவர், 77 டாலருக்கு இறந்தவரை எழுப்பி ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தினார்.

இவையெல்லாம் பின்னர்ப் படித்தவை. அந்தச் சனிக்கிழமை எனக்கு இவற்றுள் பாதியும் தெரியாது. தெரிந்தது ஒன்றே: தந்தையார் பெயரில் பொய் போகப் போகின்றது. அன்று மாலை இரண்டு தாள்கள் எழுதினேன். ஒன்றில் ஓட்டியவர் யான், மற்றொன்றில் மாமா. இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எதனைக் கொடுப்பதென்று துணிவு பிறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த வேளையில் யான் வகுப்பில் இருந்தேன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஆசிரியர் குறி இட்டிருக்கின்றார். அதைக்கூட எப்படிக் கடக்கலாம் என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒரு வாக்கியம் எழுதுமுன்பே அதற்குத் துணையாக இன்னும் இரண்டு வாக்கியங்கள் தேவைப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் சென்று வந்தபின் தந்தையார் கேட்டார். அவர் படித்தவரல்லர், கையெழுத்து மட்டும் இடுவார். எந்தத் தாளிலும் படித்துக் காட்டக் கேளாமல் கையெழுத்திட்டதில்லை. வலைக் கடன் ஒன்றில் ஒருமுறை ஏமாந்ததிலிருந்து அவ்வழக்கம்.

"எழுதினாயா? படி."

என் கை பொய்த் தாளையே எடுத்தது. அம்மா அடுப்பருகே இருந்தார், திரும்பவில்லை. படித்தேன். 'என் மகன் ஓட்டினான்' என்ற இடம் வந்தபோது குரலைச் சற்று விரைவாக்கினேன். வகுப்பில் பொருள் விளங்காத அடியைக் கடக்கும்போது செய்வது போல.

தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "திங்கட்கிழமை விடியற்காலையில் உன்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டவன் நான். மறுநாள் நீ எப்படி மீஞ்சூரில் வண்டி ஓட்டினாய்?" என்றார்.

யான் மாமா சொன்ன கணக்கைச் சொன்னேன். கல்லூரிக் கட்டணத்தையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

எங்கள் ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு என்பதைப் பலர் அறிவர். நல்ல மீன் படும் நீர்ப்பகுதிகளில் எந்த நாளில் யார் வலையிடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்வர். உரிமை குடும்பத் தலைக்கட்டின் பெயரில் நிற்கும். நீர்மேல் வேலியும் இல்லை, எண்ணும் இல்லை, ஊரார் வாய்ச்சொல்லே வேலி. யார் இறங்கினார், யார் முறை என்பதைக் கண்டவர் கண்டபடி சொல்லாவிட்டால் அம்முறை ஒரு பருவத்துக்கு மேல் நில்லாது.

"பாட்டில் இறங்கினவன் யார் என்று ஊர் கேட்டால் இறங்கினவன் பெயரைத்தான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறேன். அண்ணன் தம்பி என்று பார்த்ததில்லை. இதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவன் உனக்குப் பணம் கட்டினான், அதைப் பணமாகத் திருப்பிக் கொடுப்போம்" என்றார். பிறகு மெதுவாக, "இன்னொரு தாள் எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டார். எப்படி அறிந்தாரோ! சட்டைப் பையைப் பார்த்திருக்கலாம்.

அன்றிரவே தந்தையாரும் யானும் மாமா வீட்டிற்குச் சென்றோம். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு யான் முன்னே நடந்தேன். தந்தையார் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார்: "நாளைக்கு உன் பெயரைச் சொல்லப் போகிறேன். பிறர் வாயால் நீ தெரிந்துகொள்ளக் கூடாதென்று வந்தேன். நீயும் வந்தால் நல்லது." மாமா என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை யான் இங்கு எழுத முயலவில்லை. அத்தை, "அண்ணே, மூன்று மாதம்" என்று மட்டும் சொன்னார். யாங்கள் திரும்பிவிட்டோம்.

திங்கட்கிழமை காவல் நிலையத்தில் பால்காரர் எங்களுக்கு முன்னரே வந்திருந்தார். அறுபது அகவைக்கு மேலிருக்கும். முழங்கையில் மஞ்சள் தடவியிருந்தது. தந்தையார் தாளைக் கொடுத்துக்கொண்டிருக்கையில் வாயிலில் நிழல் விழுந்தது, மாமா. எதிரே தேநீர்க் கடையில் அரைமணி நேரம் நின்றிருந்ததாகப் பின்னர் அறிந்தோம். அவர் அலுவலரிடம் செல்லாமல் நேரே பால்காரரிடம் சென்று, "நான்தான் பெரியவரே" என்றார்.

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்றைக்கு நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இங்கே வந்தே இருக்கமாட்டேன், அப்பா. பாலும் சக்கரமும் பெரிதல்ல" என்றார். பெரிதல்ல என்றாலும் இரண்டின் விலையையும் அவர் ஒரு சிறு சீட்டில் கணக்காக எழுதி வைத்திருந்தார். அதனை மாமா அங்கேயே கொடுத்தார். விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் நின்று அடிபட்டவருக்கு உதவவேண்டும் என்று 134-ஆம் பிரிவு சொல்வதை அலுவலர் ஒருவர் எங்களுக்கு எடுத்துரைத்தார். முதியவர் சொன்னதும் அதுவே. பிரிவின் எண் மட்டும் அவருக்குத் தெரியாது.

உரிமம் போக்குவரத்து அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டது. சில நாளில் மாமாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நிறுத்தி வைக்குமுன் உரியவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பது விதி. அவர் சென்று நடந்ததைச் சொன்னார். மூன்று மாதம்.

அந்த மூன்று மாதம் எளிதாகக் கழியவில்லை. சரக்கு வண்டிக்குக் கூலிக்கு ஓர் ஓட்டுநரை அமர்த்தினார். தம் வண்டியில் தாம் பக்கத்தில் அமர்ந்து காசிமேடு போய்வந்தார். நாள்தோறும் கூலி போக எஞ்சியது தவணைக்கும் போதவில்லை. அத்தையின் காது வெறுமையானது. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எங்கள் வீட்டிற்கு வரவில்லை. யான் பிறந்த பிறகு அப்படி ஒரு கிறிஸ்துமஸ் இருந்ததில்லை. அம்மா பலகாரத்தை ஒரு தூக்கில் இட்டுக் கொடுத்தனுப்பினார். தூக்குத் திரும்பி வந்தது, உள்ளே அவர்கள் வீட்டுப் பலகாரத்துடன். அதை நல்ல அறிகுறியென்று அம்மா கொண்டார். யான் அவ்வளவு உறுதியாக இல்லை. தந்தையார் பழைய கல்லூரிக் கட்டணத்தை மூன்று தவணையில் மாமாவிடம் சேர்ப்பித்தார். மாமா வாங்க மறுத்ததாகவும், தந்தையார் அத்தையின் கையில் வைத்துவிட்டு வந்ததாகவும் கேள்வி.

இதற்கிடையில் எங்கள் குப்பத்தில் ஒரு கலக்கம் பரவிற்று. எந்த வண்டி யார் பெயரில் இருக்கின்றது என்று ஒவ்வொருவரும் தேடத் தொடங்கினர். எங்கள் தெருவில் இரண்டு வண்டிகள் இன்னும் பழைய உரியவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தன. விற்றவர் ஓர் ஊரில், வாங்கியவர் ஓர் ஊரில். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்கவேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கின்றது. கைமாறிக் கைமாறிப் போன கார் ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் நிற்கின்றதோ அவரே உரியவர் என்று கொண்டு, இழப்பீட்டுப் பொறுப்பை அவர்மேலேயே 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சுமத்தியது. யான் இதைச் சொன்னபோது, வண்டியை விற்று ஆறாண்டு ஆன ஒரு பெரியவர் அன்றே வாங்கியவரைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு வண்டி கொடுப்போரும் சற்றே தயங்கினர். அதற்குத் தண்டம் பெரிது: 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பெற்றோரோ உரியவரோ குற்றவாளியாகக் கருதப்படுவர், மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கம், பிள்ளைக்கு 25 வயது நிரம்பும்வரை உரிமம் இல்லை. தயக்கம் ஒரு மாதம் நீடித்தது. பிறகு மறந்துவிட்டனர் என்றே எண்ணுகின்றேன்.

ஜெர்மனியில் ஒரு விதி உண்டென்று படித்தேன். தவறு செய்த வண்டியை ஓட்டியவர் யாரென்று கண்டுபிடிக்க இயலாதபோது, இனி ஒவ்வொரு பயணத்துக்கும் ஓட்டுபவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி வைக்குமாறு வண்டிக்கு உரியவரை அரசு பணிக்கலாம். விளையாட்டாக இதனைத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் விளையாட்டாகக் கொள்ளவில்லை. அடுத்த வாரம் யான் ஊர் சென்றபோது சாவி தொங்கும் ஆணிக்கு அருகே இன்னோர் ஆணி அடித்து, அதில் ஒரு பள்ளிக் குறிப்பேடும் கயிற்றிற் கட்டிய பேனாவும் தொங்கவிட்டிருந்தார். பெயர், நாள், எடுத்த நேரம், திருப்பிய நேரம். கோடு கிழித்துத் தந்தவள் பக்கத்து வீட்டுச் சிறுமி. எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே எழுத்தாளர். ஊதியம் கடலை மிட்டாய். தொடக்கத்தில் ஊரார் சிரித்தனர். எரிபொருள் இடுவோர் தொகை கூடியது எதிர்பாராத நன்மை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை யான் வீட்டிலிருந்தபோது மாமா வந்தார். உரிமம் திரும்பக் கிடைத்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. "அக்கா, வண்டி வேண்டும். பொன்னேரி வரைக்கும்" என்று வாயிலிலிருந்தே கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். மாமா ஆணியருகே சென்று சாவியை எடுத்தார், குறிப்பேட்டையும் எடுத்தார். நின்றபடியே தம் முழுப் பெயரையும், தந்தை பெயரோடு, பெரிய எழுத்தில் எழுதினார். தலைக்கவசத்தை என்னிடம் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நேரம் எழுத மறந்துவிட்டார். யான் எழுதினேன்: காலை 10-20.